தடை கேட்காதீங்க, தவணை கேளுங்க
இலங்கையின் உரக் கணக்கிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம்

"இயற்கை விவசாயமா? இலங்கை என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கள்ல?"

இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. டீக்கடையில் கேட்கிறார்கள், உரக்கடையில் கேட்கிறார்கள், சொந்த வீட்டிலேயே மகன் கேட்கிறான். நாம் பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வெச்சிருக்கோம். ஒன்று, "அதெல்லாம் உரக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட கதை." இன்னொன்று, "அங்க நடந்தது இயற்கை விவசாயமே இல்லை."

முதல் பதில் தப்பு. விளைச்சல் விழுந்தது நிஜம். ரெண்டாவது பதில் பாதி சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், கேட்டவருக்கும் பயன் இல்லை, நமக்கும் பயன் இல்லை. அங்கே எந்தக் கணக்கு எங்கே உடைந்தது என்று பார்த்தால்தான், நாம் நம்ம அரசாங்கத்திடம் என்ன கேட்கணும், எதைக் கேட்கக் கூடாது என்பது தெளிவாகும். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தவன் என்பதால், இதையும் ஒரு திட்ட அறிக்கை மாதிரியே எடுத்துப் பார்க்கிறேன். மொத்தம் மூன்று கணக்கு.

நடந்தது என்ன?

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச இலங்கையின் ஜனாதிபதி ஆனார். பத்து வருஷத்தில் நாட்டின் விவசாயத்தை இயற்கை முறைக்கு மாற்றுவோம் என்று அவருடைய தேர்தல் அறிக்கையில் இருந்தது. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவை பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்தே சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. இதுதான் காரணம் என்று விஞ்ஞானிகளிடம் ஒருமித்த முடிவு இல்லை. ஆனாலும் மக்களுக்கு ரசாயனங்கள் மேல் பலத்த சந்தேகம். இன்னொரு பக்கம், 1962 முதல் அரசாங்கம் உரத்துக்கு மானியம் கொடுத்து வந்தது. ரெண்டு தலைமுறை விவசாயிகள் மலிவு உரத்திலேயே பழகியவர்கள்.

பத்து வருஷம் என்று சொன்ன திட்டம், 2021 மே 6-ஆம் தேதி ஒரே வர்த்தமானி அறிவிப்பில் ஒரே நாளாகச் சுருங்கியது. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை. எப்பாவலையில் கிடைக்கும் பாறைப் பாஸ்பேட்டைத் தவிர, அந்தத் தீவுக்கு உரம் என்பது பெரும்பாலும் கப்பலில்தான் வரணும். இறக்குமதித் தடை என்றால் யூரியாவே கிடையாது என்று அர்த்தம்.

சிறுபோகத்துக்கு அப்போது விதைப்பு நடந்துகொண்டிருந்தது. கையில் இருந்த இருப்பை வைத்து ஓரளவு சமாளித்தார்கள். அடி விழுந்தது அக்டோபரில் தொடங்கிய பெரும்போகத்தில். நவம்பர் கடைசியில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை பல மடங்கு ஏறியிருந்தது. வாங்க டாலரும் இல்லை, பழைய மானியமும் இல்லை.

2020–21 பெரும்போகத்தில் சுமார் 30.6 லட்சம் டன் நெல் விளைந்த நாட்டில், 2021–22 பெரும்போகத்தில் விளைந்தது சுமார் 19.3 லட்சம் டன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

முதல் கணக்கு: டாலர்

ஒரு கடன் மனு மேசைக்கு வந்தால் அனுபவப்பட்ட அலுவலர் முதலில் பார்ப்பது, எவ்வளவு கேட்கிறார் என்பதை இல்லை. எதுக்குக் கேட்கிறார் என்பதை. மனுவில் "கறவை மாடு வாங்க" என்று இருக்கும். விசாரித்தால், கந்து வட்டிக்காரரின் கெடு நாளைக்கு முடிகிறது என்று தெரியவரும். மாடு என்பது மனுவில் எழுதிய காரணம், அவசரம் வேறு.

இலங்கையின் உரத் தடையையும் அப்படித்தான் படிக்கணும். 2019 கடைசியில் புதிய அரசாங்கம் வரிகளை ஒரேயடியாகக் குறைத்தது. மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. சில வரிகளை எடுத்தே விட்டார்கள். அரசாங்க வருமானம் விழுந்தது. அடுத்த சில மாதத்தில் கொரோனா வந்து, சுற்றுலா வருமானம் நின்றது. வெளிநாட்டில் புதுக் கடன் கிடைக்கவில்லை. பழைய கடனின் தவணையோ நிற்கவில்லை. 2019 கடைசியில் சுமார் 760 கோடி டாலர் இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2021 கடைசியில் சுமார் 310 கோடி டாலராகக் குறைந்தது.

இந்த நெருக்கடியில் இறக்குமதிப் பட்டியலில் எதை வெட்டலாம் என்று தேடினார்கள். வாகனத்தை வெட்டினார்கள், மஞ்சளைக்கூட வெட்டினார்கள். உரம் கண்ணில் பட்டது. 2020-இல் உர இறக்குமதிக்கு ஆன செலவு சுமார் 26 கோடி டாலர். மனுவில் "மண் நலம், மக்கள் நலம்" என்று எழுதியிருந்தது. பத்து வருஷத் திட்டத்தை ஒரு நாளாகச் சுருக்கிய அவசரம் டாலருடையது.

சரி, அந்த 26 கோடியாவது மிஞ்சியதா? நாமே ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். குறைந்த நெல் சுமார் 11.3 லட்சம் டன். அரைத்தால் ஏறக்குறைய 7.3 லட்சம் டன் அரிசி. டன்னுக்கு 400 டாலர் என்று வைத்தால், அந்தக் குறையை வெளியிலிருந்து வாங்கி நிரப்ப 29 கோடி டாலர் வேணும். ஒரே ஒரு போகத்து நெல்லிலேயே ஒரு வருஷத்து மிச்சம் கரைந்து, மேலே கையைக் கடிக்கிறது. இதில் தேயிலை சேரவில்லை, காய்கறி சேரவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததற்கு உரத் தடை மட்டும் காரணம் இல்லை. வரிக் குறைப்பும் கடன் சுமையும் கொரோனாவும்தான் பெரிய காரணங்கள். உரத் தடை, ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்தவன் காலில் கட்டிய கல்.

இரண்டாவது கணக்கு: தழைச்சத்து

நம்மைக் குறை சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. நமக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 20 கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. ஹெக்டேருக்கு 4.5 டன் விளைச்சல் என்றால் 90 கிலோ. அதில் பாதியை மண்ணே கொடுத்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 45 கிலோவை நாம் கொடுக்கணும். நல்ல மக்கு உரத்தில் தழைச்சத்து 1 சதவீதம் இருந்தால், 45 கிலோவுக்கு 4.5 டன் மக்கு போதும் என்று தோன்றும். போதாது. மக்கு உரத்தின் சத்து முதல் போகத்திலேயே முழுசாக வெளியே வராது. மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்லது. ஆக, முதல் வருஷத்தில் ஹெக்டேருக்கு 13 டன்னுக்கு மேல் வேணும்.

பெரும்போக நெல் சாகுபடிப் பரப்பு சுமார் 7.5 லட்சம் ஹெக்டேர். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய ஒரு கோடி டன் மக்கு. மே மாதம் தடை, அக்டோபரில் விதைப்பு. அஞ்சு மாசத்தில் ஒரு கோடி டன்னுக்கு எங்கே போவது? டிராக்டர் வந்த பிறகு எருமையும் மாடும் குறைந்துபோன வயல்காடு அது.

அவசரத்தில் என்ன செய்தார்கள்? சீனாவிலிருந்து 99,000 டன் சேதனப் பசளை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள் (இயற்கை உரத்தை அங்கே சேதனப் பசளை என்பார்கள்). வந்த மாதிரியில் நோய் உண்டாக்கும் பாக்டீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் சொன்னது. கப்பல் சரக்கை இறக்காமலேயே திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் கடைசியில் 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. டாலர் மிச்சம் பிடிக்கக் கொண்டுவந்த திட்டத்தில் டாலர் கொடுத்து மக்கு வாங்கிய கதை இது. அந்தச் சரக்கில் சத்து கூடுதலாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மேலே போட்ட கணக்குக்கு முன்னால் 99,000 டன் எந்த மூலைக்கு?

"மக்கு எதுக்கு, தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழலாமே" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. சரிதான். 45–50 நாளில் மடக்கி உழுத தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 25–30 கிலோ தழைச்சத்து தரும். இது நம்ம கைகண்ட வழி. ஆனால் ஹெக்டேருக்கு 50 கிலோ விதை என்றால், 7.5 லட்சம் ஹெக்டேருக்கு 37,500 டன் விதை வேணும். அந்த விதையைப் பெருக்கவே சில போகம் ஆகும். நடவுக்கு முன்னாடி ஒன்றரை மாசம் வயலில் ஈரமும் வேணும். அதற்கேற்ப குளத்துத் தண்ணீரைத் திறக்கும் நாள்களையும் மாற்றணும்.

அதாவது, தொழில்நுட்பம் இல்லாமல் அந்தத் திட்டம் தோற்கவில்லை. அந்தத் தொழில்நுட்பம் மொத்தமும் நேரத்தைக் கேட்கிறது. விதை பெருக நேரம், மாடு பெருக நேரம், மண்ணில் நுண்ணுயிர் பெருக நேரம், விவசாயி கற்றுக்கொள்ள நேரம். யூரியா மூட்டை என்பது நேரத்தை விலைக்கு வாங்குவது. அதை நிறுத்துகிறவர், அந்த நேரத்தை வேறு ஏதாவது வழியில் கொடுத்தாகணும்.

மூன்றாவது கணக்கு: நஷ்டம் யார் தலையில்?

இதுதான் எனக்கு முக்கியமான கணக்கு. ஒரு சின்ன உதாரணம். ஆறு ஏக்கர் விவசாயி ஒருவர். ஏக்கருக்கு வரவு 40,000 ரூபாய், செலவு 25,000, மிச்சம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஏக்கருக்கும் சேர்த்து மிச்சம் 90,000.

மாறும் வருஷத்தில் விளைச்சல் கால் பங்கு குறைகிறது. உரச் செலவு குறைந்து, ஆள் செலவு ஏறி, மொத்தச் செலவு அதே அளவில் நிற்கிறது. வரவு 30,000, செலவு 25,000. ஏக்கருக்கு மிச்சம் 5,000. ஆறு ஏக்கருக்கு 30,000. கவனியுங்கள்: விளைச்சல் குறைந்தது கால் பங்குதான், குடும்பத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் ரெண்டு பங்கு போய்விட்டது. "கொஞ்சம் விளைச்சல் குறையும், பரவாயில்லை" என்று மேடையில் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

அதே விவசாயி முதல் வருஷம் ரெண்டு ஏக்கரை மட்டும் மாற்றியிருந்தால்? நாலு ஏக்கரில் 60,000, ரெண்டு ஏக்கரில் 10,000. மொத்தம் 70,000. சிரமம்தான், ஆனால் குடும்பம் நிற்கும். அடுத்த வருஷம் அந்த ரெண்டு ஏக்கர் தேறிவரும்போது இன்னும் ரெண்டு.

இலங்கை தன்னுடைய "ஆறு ஏக்கரையும்" ஒரே நாளில் மாற்றியது. நஷ்டத்துக்கு ஏற்பாடு எதுவும் முன்கூட்டிச் செய்யவில்லை. நெல் விவசாயிகள் பத்து லட்சம் பேருக்கு மேல் இழப்பீடாக 4,000 கோடி இலங்கை ரூபாய், அப்போதைய மதிப்பில் சுமார் 20 கோடி டாலர், அறிவிக்கப்பட்டது 2022 ஜனவரியில். விளைச்சல் கைவிட்டுப் போன பிறகு.

தேயிலைக்கும் அடி. அந்த நாட்டுக்கு வருஷத்துக்கு 120–130 கோடி டாலர் கொண்டுவரும் பயிர் அது. 2021-இல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022-இல் சுமார் 25.1 கோடி கிலோ. இதில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. அங்கே பெருந்தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்ம திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கமிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021-இல்தான் அவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் சம்பளம் என்று நிர்ணயமானது. செடியில் கொழுந்து குறைந்தால் பறிக்கும் கிலோ குறையும், கிலோ குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்தைய வருஷத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. கொள்கையை எழுதியவருக்கு அது ஒரு புள்ளிவிவரம். லயத்து வீட்டில் அது ஒரு வேளைச் சோறு.

வேறு வழியில் போனவர்கள்

சிக்கிம் மாநிலம் இயற்கை விவசாயத்துக்கு மாறும் முடிவைச் சட்டமன்றத்தில் அறிவித்தது 2003-இல். பவன் குமார் சாம்லிங் அப்போது முதல்வர். அதன்பிறகு ரசாயன உரத்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2010-இல் அதற்கென்று தனி இயக்கம் தொடங்கினார்கள். ரசாயன இடுபொருளைத் தடுக்கும் சட்டம் வந்தது 2014-இல். 2016 ஜனவரியில்தான் சுமார் 75,000 ஹெக்டேரும் இயற்கை விவசாயத்துக்கு மாறியதாக அறிவிப்பு. பதின்மூன்று வருஷம். தடை கடைசியில் வந்தது, முதலில் இல்லை.

சிக்கிமைக் காட்டி எல்லாம் முடியும் என்று சொல்லவும் நான் தயாரில்லை. அது சின்ன மலை மாநிலம், முன்பே உரம் குறைவாகப் போட்ட ஊர், அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அதனால்தான் ஆந்திராவையும் சேர்த்துப் பார்க்கணும். 2016-இல் ரைது சாதிகார சம்ஸ்தா மூலம் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தடையே கிடையாது. விருப்பப்பட்டவர் தன் நிலத்தில் ஒரு பகுதியில் தொடங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் ஊருக்குள் போனார்கள். முன்னாடி செய்து பார்த்த விவசாயியே பக்கத்து விவசாயிக்கு ஆசான். ஒருவர் நிலம் முழுதும் மாற மூணு, நாலு வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்பதுதான் அடிப்படை.

நாம் கேட்க வேண்டியது

நமக்கும் இந்தப் பிரச்சினை தூரத்தில் இல்லை. பொட்டாஷுக்கு நாம் வெளிநாட்டையே நம்பியிருக்கோம். யூரியா செய்யும் எரிவாயுவிலும் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. 2022–23-இல் மத்திய அரசின் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை கடையில் 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைப்பதன் பின்னால் இருக்கும் தொகை இது. இதை எந்நாளும் இப்படியே தாங்க முடியாது என்று ஒரு நாள் ஏதாவது ஒரு அரசாங்கம் முடிவு செய்யலாம். அன்றைக்கு நம்மைப் போன்ற இயக்கங்கள் "தடை போடு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தால், நஷ்டத்தை விவசாயி தலையில் கட்ட நம்ம கோஷத்தையே எடுத்துக்கொள்வார்கள். இலங்கையில் அதுதான் நடந்தது.

அதனால் நாம் கேட்க வேண்டியது நாலு.

ஒன்று, மாறும் காலத்துக்கு ஏற்ற கடன். கிசான் கடன் அட்டையில் குறிப்பிட்ட வரம்பு வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான். வட்டியில் குறை இல்லை, கெடுவில்தான் குறை. பயிர்க்கடன் ஒரு போகத்துக்கானது. மண் தேற மூணு வருஷம். தென்னங்கன்று வைக்கக் கடன் கொடுத்தால் காய்க்கும் வரை அசலுக்குத் தவணை கேட்கிறோமா? மண்ணும் அப்படித்தான். மூணு வருஷம் அசலுக்கு விலக்கு தந்து, பிறகு தவணை வாங்கும் கடனை நாம் கேட்கணும். பயிர்வாரிக் கடன் அளவை நிர்ணயிக்கும் மாவட்டக் குழுவில், இயற்கைச் சாகுபடிக்கும் தனி அளவு கேட்கணும்.

ரெண்டு, மானியம் மூட்டையோடு போகாமல் விவசாயியோடு வரணும். 2023-இல் வந்த பி.எம். பிரணாம் திட்டப்படி, ஒரு மாநிலம் ரசாயன உரத்தைக் குறைத்து மிச்சப்படுத்தும் மானியத்தில் பாதி அந்த மாநிலத்துக்குக் கிடைக்கும். அது உரத்தைக் குறைத்த விவசாயியின் கைக்கு எப்படி வரும் என்று கிராமசபையில் கேட்கலாம்.

மூணு, முதலில் விதையும் மாடும் ஆளும். பசுந்தாள் விதை, கறவை மாடு, ஊருக்கு ஒரு அனுபவ விவசாயி. இவை தயாராகாமல் பரப்பளவு இலக்கு நிர்ணயிக்கக் கூடாது.

நாலு, மாறும் வருஷத்துக்கு விலைப் பாதுகாப்பு. சான்றிதழ் வர ஓராண்டுப் பயிருக்கு ரெண்டு வருஷம், நீண்டகாலப் பயிருக்கு மூணு வருஷம் காத்திருக்கணும். விளைச்சலும் குறைவு, கூடுதல் விலையும் இல்லை என்ற அந்த இடைக்காலம்தான் விவசாயிகள் திரும்பிப் போகும் இடம். சத்துணவுக்கும் ரேஷனுக்கும் அந்த விளைச்சலை அரசே வாங்கலாம்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. உங்கள் வயலில் போன போகத்துக்குத் தேவைப்பட்ட தழைச்சத்து எவ்வளவு? அதில் உங்கள் மாடும் பசுந்தாளும் கொடுத்தது எத்தனை கிலோ?

2. விளைச்சல் கால் பங்கு குறைந்தால் உங்கள் வீட்டு மிச்சம் எவ்வளவு குறையும்? எத்தனை ஏக்கரில் தொடங்கினால் அதைத் தாங்கலாம்?

3. நம்ம ஊர் முழுக்க அடுத்த வருஷம் தக்கைப்பூண்டு விதைக்க எவ்வளவு விதை வேணும்? அதை எத்தனை ஏக்கரில், யார் நிலத்தில் பெருக்கலாம்?

4. உங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் அளவுப் பட்டியலில் இயற்கைச் சாகுபடிக்குத் தனி வரி இருக்கிறதா? இல்லை என்றால் மனு எழுதுவது யார்?

டீக்கடைக் கேள்விக்கு இனிமேல் கோபப்பட வேண்டாம். "இலங்கையில் மண் தோற்கலைங்க, கெடு கொடுக்காம வசூலுக்கு வந்தாங்க, அதான் தோத்துச்சு" என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து, அந்த ஆறு ஏக்கர் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.